அந்தத் தேதியை எழுதிக் கொடுங்கள்: குடல்நோய் மருத்துவர்களுக்கும் இதய மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம்.

பதினான்கு வருஷமாக எண்டோஸ்கோப்பி அறையில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் "க்ளோஸ்... மெதுவா... இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல ஸ்னேர் என்ற கம்பி வளையத்தின் கைப்பிடியை இழுத்து மூடுவது என்னைப் போன்றவர்களின் கை. நீலச் சாயம் கலந்த சலைனை ஊசி வழியாகத் தள்ளிவிட்டு, தட்டையாகக் கிடந்த பாலிப், அதாவது குடலின் உட்சுவரில் வளரும் சதை, மெத்தை மாதிரி மேலெழும்பி வருவதை உங்களோடு சேர்ந்து திரையில் பார்ப்பதும் நாங்கள்தான். உங்கள் வேலையின் அருமை எனக்குத் தெரியும். 1969-இல் நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்ற இரண்டு மருத்துவர்கள் கொலனோஸ்கோப் (பெருங்குடலுக்குள் விடும் கேமரா குழாய்) வழியாகவே கம்பி வளையத்தைச் செலுத்திப் பாலிப்பை அறுத்தெடுத்துக் காட்டும்வரை, பெருங்குடலின் உள்ளே தள்ளி இருந்த பாலிப்புக்கு வயிற்றைத் திறப்பதுதான் வழி. அமெரிக்காவில் பாலிப் எடுத்தவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஆய்வில், குடல் புற்றுநோயால் வரும் மரணம் எதிர்பார்த்ததைவிட 53 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே இதைப் படிக்கும் யாரும் பயந்துபோய் கொலனோஸ்கோப்பியைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதுவது பாலிப்பை எடுத்து முடித்து, ஆள் வீட்டுக்குப் போன பிறகு வரும் ரத்தக்கசிவைப் பற்றி. போன மாசியில் அது என் அப்பாவுக்கு வந்தது.

அப்பாவுக்கு 68 வயது. நாலு வருஷத்துக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தசோகை என்று பார்க்கப் போய், பெருங்குடலின் வலது பக்கத்தில், ஏறுகுடலில், 3.5 சென்டிமீட்டருக்கு ஒரு தட்டைப் பாலிப் இருப்பது தெரிந்தது. நான் வேலை பார்க்கும் ஊர் தூரம். எங்கள் ஊருக்குப் பக்கத்து நகரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். பிரெப் (செய்முறைக்கு முன் குடலைச் சுத்தம் செய்வது) பற்றிச் சொல்வதற்காக அங்கிருந்து போன் வந்தபோது, "அய்யா, ரத்த மாத்திரையை ஏழு நாளைக்கு முன்னாடியே நிறுத்திடுங்க" என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா நிறுத்திவிட்டார்.

அவர் நிறுத்தியது ரத்தம் ஊறுவதற்குக் கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரையை.

எங்கள் பக்கத்தில் ரத்த மாத்திரை என்றால் அதுதான். கர்ப்பமான பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பது ரத்த மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுவதை அப்பா 'ஹார்ட் மாத்திரை' என்பார். போனில் பேசியவர் சொன்னதும் சரி, அப்பா கேட்டுக்கொண்டதும் சரி, நடந்தது மட்டும் தப்பு. செய்முறை அன்று காலையில், "ரத்த மாத்திரை நிறுத்தியாச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். "நிறுத்தியாச்சும்மா" என்றாராம்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா சாப்பிடுவது ஒரே கேப்சூல். அதற்குள் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொழுப்புக்கான ரோசுவாஸ்டாட்டின் என்று மூன்று மருந்து. அட்டையின் முன்பக்கம் கம்பெனி வைத்த பெயர்தான் பெரிதாகத் தெரியும். குளோபிடோகிரல் என்ற சொல் பின்பக்கத்தில், வெள்ளி நிறத்தாளின் மேல் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில். "குளோபிடோகிரலை நிறுத்துங்கள், ஆஸ்பிரின் மட்டும் தொடரட்டும்" என்று திருத்தமாகவே சொல்லியிருந்தாலும் அவரால் அதைச் செய்திருக்க முடியாது. ஒரு கேப்சூலில் பாதியை மட்டும் எப்படி விழுங்குவது?

பாலிப்பை ஐந்து துண்டாக எடுத்தார்கள். நல்லபடியாகவே எடுத்தார்கள், ரிப்போர்ட்டில் உள்ள படங்களைப் பார்த்தேன். புண் சுத்தமாக இருந்தது. புண்ணின் ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் கிளிப் வைக்கவில்லை. மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்துப் பகுதியில் இருந்தது ஒரே வரி: பழைய மாத்திரைகளைத் தொடரவும். அதை அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்ப, நானும் படித்தேன். இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தும் அந்த வரியில் என் கண் நிற்கவில்லை.

ஆறாம் நாள் உறவில் ஒரு காதுகுத்து. நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். அன்று மதியத்திலிருந்தே மூன்று தடவை மோஷனில் ரத்தம் போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சூடு பிடித்திருக்கிறது, பழைய மூலம் கிளம்பியிருக்கிறது என்று நினைத்து மோர் வாங்கிக் குடித்திருக்கிறார். விசேஷ வீட்டில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் வேறு. இரவு இரண்டு மணிக்குக் கொல்லைப்பக்கத்துக் கழிப்பறையில் மயங்கி விழுந்தபோது, அம்மா டார்ச் அடித்துப் பார்த்தது கட்டி கட்டியாகக் கருஞ்சிவப்பு. 108 வந்து, மருத்துவமனை போய், ஹீமோகுளோபின் 6.8, இரண்டு யூனிட் ரத்தம், மறுபடி கொலனோஸ்கோப்பி, கசிந்த குழாயின் மேல் இரண்டு கிளிப். அப்பா பிழைத்துவிட்டார். இன்று நன்றாக இருக்கிறார். அந்த கிராமத்துக்கு ஆம்புலன்ஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் என்ற நினைப்பு மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆறாம் நாள் ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். கூடப் படிக்கும் குடும்பங்களுக்காகச் சொல்கிறேன். கரண்ட் வைத்து அறுத்த இடத்தில் கருகலாக ஒரு பொருக்கு நிற்கும். சூடு மேலோடு நிற்காது, சளிப்படலத்துக்கு அடியில் ஓடும் ரத்தக் குழாயையும் தொட்டிருக்கும். நாள் ஆக ஆகப் பொருக்கு உதிரும். உதிரும் இடத்தில் குழாய் திறந்திருந்தால் ரத்தம். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் வரும், இரண்டு வாரம் வரை எதிர்பார்க்கலாம். பாலிப் பெரிதாக, வலப்பக்கத்தில் இருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. என் அப்பாவிடம் இந்த மூன்றும் இருந்தன. மூன்றும் எடுப்பதற்கு முன்பே தெரிந்த விஷயங்கள்.

அதனால்தான் முதலில் கிளிப்பைப் பற்றிக் கேட்கிறேன். வட அமெரிக்காவிலும் ஸ்பெயினிலுமாக 919 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் புண்ணைக் கிளிப்பால் மூடியும் இன்னொரு பகுதியினருக்கு மூடாமலும் விட்டுப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. எல்லாமே 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட, காம்பில்லாத பாலிப்புகள். வலப்பக்கக் குடலில் மூடாதவர்களில் 9.6 சதவீதம் பேருக்குப் பின்னால் ரத்தக்கசிவு வந்தது, மூடியவர்களில் 3.3 சதவீதம். இடப்பக்கத்தில் மூடியதால் பலன் தெரியவில்லை. வலப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவில் 231 பேரிடம் செய்து 2022-இல் வெளியிட்டார்கள். அதிலும் கிட்டத்தட்ட அதே கணக்கு: 10.6 சதவீதம், 3.4 சதவீதம். எல்லாப் பாலிப்புக்கும் கிளிப் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. கிளிப் ஒன்று சில ஆயிரம் ரூபாய். இடப்பக்கத்துச் சின்னப் புண்ணில் அதை வீணாக்க வேண்டாம். வலப்பக்கம், 2 சென்டிமீட்டருக்கு மேல், அதிலும் இதய மாத்திரை சாப்பிடுபவர் என்றால் தயவுசெய்து மூடிவிடுங்கள்.

வைத்தால் முழுசாக வையுங்கள். நாலு கிளிப் வேண்டிய புண்ணின் நடுவில் ஒன்றை மாட்டி, 'கிளிப் வைக்கப்பட்டது' என்று ரிப்போர்ட் எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். புண்ணின் இரண்டு உதடும் இடைவெளி இல்லாமல் சேர்ந்தால்தான் அது காவல். 2019 ஆய்விலேயே மூன்றில் ஒரு பங்குப் புண்களை முழுசாக மூட முடியவில்லை. அப்படி மூட முடியாமல் போனால் போனதாகவே எழுதுங்கள். அவரை வீட்டில் எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது அதை வைத்துத்தான் தெரியும்.

காசு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த இடங்களிலேயே நடந்திருக்கிறது. நோயாளி மயக்கத்தில் மேஜையில் இருப்பார், உள்ளே புண் திறந்திருக்கும், கையுறையைக் கழற்றிவிட்டு நான் வெளியே ஓடி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகனிடம், "கிளிப் வைக்கணும், இவ்வளவு ஆகும், சம்மதமா?" என்று கேட்பேன். அவர் தங்கைக்கு போன் போடுவார், தங்கை மாப்பிள்ளையைக் கேட்பார். இது ஒரு குடும்பம் முடிவெடுக்கிற நேரமா? முதல் கொலனோஸ்கோப்பியிலேயே பாலிப்பின் அளவும் இடமும் தெரிந்துவிடுகிறது. கிளிப் எத்தனை தேவைப்படலாம், எவ்வளவு ஆகும் என்பதை அன்றைக்கே உட்கார வைத்துச் சொல்லுங்கள். நாலு கிளிப்பின் விலையையும் அப்பாவின் இரண்டாவது அட்மிஷனுக்கு நாங்கள் கட்டிய தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் குடும்பமும் கிளிப்பைத்தான் கேட்கும்.

கரண்ட் இல்லாமல் வெறும் ஸ்னேரால் அறுத்தெடுக்கும் முறை பற்றி என்னைவிட நீங்கள் அதிகம் படித்திருப்பீர்கள். 4 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான சின்னப் பாலிப்புகளில் அது தெளிவாகிவிட்டது. தைவானில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்து 2023-இல் வந்த ஆய்வில், பின்னால் வரும் கசிவு 1.5 சதவீதத்திலிருந்து 0.4-க்கு இறங்கியது. அப்படியும் சில இடங்களில் 6 மில்லிமீட்டர் பாலிப்புக்கு இன்னும் கரண்ட் வைக்கிறார்கள், அதை விட்டுவிடலாம். பெரியவற்றில் கணக்கு வேறு. ஜெர்மனியில் 2024-இல் வந்த ஆய்வில் கரண்ட் இல்லாமல் எடுத்தபோது கசிவு 4.4 சதவீதத்திலிருந்து 1-க்குக் குறைந்தது, குடல் ஓட்டை விழுவதும் இல்லை. அதே சமயம் பாலிப் மறுபடி அங்கேயே வளர்வது 13.8 சதவீதத்திலிருந்து 23.7 ஆகக் கூடியது. எனவே எந்தப் பாலிப்புக்கு எது என்பது உங்கள் தீர்மானம். எண்பது வயதில், ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை நிறுத்தவே முடியாத ஒருவருக்குக் கணக்கு வேறாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது.

காம்புள்ள பாலிப் ஒன்றை என்னால் மறக்க முடியாது. தலை எலுமிச்சம்பழம் அளவு, காம்பு என் சுண்டுவிரல் தடிமன். அறுத்த மறுகணம் திரை முழுக்கச் சிவப்பு, நாடித் துடிப்புக்குத் தக்கபடி ரத்தம் பீய்ச்சிக் கேமரா கண்ணாடியில் அடித்தது. டாக்டர் பதறவில்லை. ஸ்னேரை மறுபடி திறந்து மிச்சமிருந்த காம்பைப் பிடித்து, "மூடு, அறுத்துடாதே, அப்படியே பிடிச்சுக்கோ" என்றார். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம் கை நடுங்காமல் பிடித்திருந்தேன். அப்புறம் கிளிப். முழுசாக மூடினால் கைப்பிடி எதுவரை வரும் என்று தொடங்குமுன்பே பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன், அதனால்தான் அறுபடாமல் பிடிக்கும் அழுத்தம் தெரிந்தது. தலை 2 சென்டிமீட்டரோ காம்பு 1 சென்டிமீட்டரோ தாண்டினால் அறுக்கும் முன்பே காம்பில் ரத்தக் குழாயைச் சுருக்கும் நீர்த்த அட்ரினலின் ஊசி போடுவது, லூப் (காம்பை இறுக்கிக் கட்டும் வளையம்) அல்லது கிளிப் மாட்டிவிடுவது என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. அன்றைக்கு எங்கள் அறையில் லூப் இருந்தது, ஆனால் அலமாரியில், சீல் பிரிக்காமல். இப்போதெல்லாம் பெரிய பாலிப் என்று லிஸ்ட்டில் பார்த்தாலே அட்ரினலின், லூப், கிளிப் மூன்றையும் டிராலியில் எடுத்து வைத்த பிறகுதான் நோயாளியை உள்ளே அழைக்கிறேன். மற்ற இடங்களிலும் இதை நர்ஸின் பொறுப்பாகவே எழுதி வையுங்கள், நாங்கள் செய்வோம்.

இனி இதய மருத்துவர்களிடம்.

"கார்டியாலஜி ஒப்பீனியன் வாங்கிட்டு வாங்க" என்று நாங்கள் அனுப்பும் நோயாளியிடம் நீங்கள் எழுதித் தருவது பெரும்பாலும், 'செய்முறைக்கு ஏற்றவர், மாத்திரையை நிறுத்தலாம்' என்ற ஒரு வரிதான். எதை, என்றிலிருந்து, எதுவரை என்பது அதில் இருக்காது. குளோபிடோகிரல் ஒட்டிக்கொண்ட, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு அது சாகும்வரை செயல்படாது, அதனால் பெரிய பாலிப்புக்கு ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரலாம். ஸ்டென்ட் புதிதாக இருந்தால் குளோபிடோகிரலை நிறுத்தவே கூடாது, பாலிப் காத்திருக்கட்டும். இதெல்லாம் நீங்கள் சொல்லி நாங்கள் கற்றதுதான். ஆனால் நோயாளி கையில் இருப்பது மூன்று மருந்து ஒன்றாய்ச் சேர்ந்த கேப்சூல். அவருக்கு அந்த ஏழு நாளைக்கும் அதற்குப் பிந்திய நாட்களுக்கும் ஆஸ்பிரினைத் தனியாக, கொழுப்பு மாத்திரையைத் தனியாக எழுதிக் கொடுத்தால் ஒழிய, 'குளோபிடோகிரலை மட்டும் நிறுத்து' என்பது செய்ய முடியாத உத்தரவு. ஸ்டென்ட் வைத்து வருஷங்கள் ஆனவருக்கு இரண்டும் இன்னும் தேவையா என்று பார்க்கவும் இது நல்ல சமயம். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த இடத்தை வைத்து இரண்டும் வேண்டும் என்றே அவருடைய மருத்துவர் யோசித்துச் சொன்னார். சரி, யோசித்துச் சொன்னாரே, அது போதும்.

ஒழுங்கற்ற இதயத் துடிப்புக்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இன்னொரு குழப்பம். வார்ஃபரினை ஐந்து நாள் முன்பு நிறுத்தி, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) 1.5-க்குக் கீழே வந்ததும் செய்கிறோம். முடிந்த அன்று இரவே மறுபடி தொடங்கினாலும் அது வேலை செய்யச் சில நாள் ஆகும். அதே பழக்கத்தில் ரிவராக்ஸபான், அபிக்ஸபான் சாப்பிடுபவரிடமும், "இன்னிக்கு ராத்திரியிலிருந்தே போடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அவை சில மணி நேரத்திலேயே முழு வேகத்தில் வேலை செய்யும். பச்சைப் புண்ணோடு வீட்டுக்குப் போகிறவர் அவர். பிரிட்டிஷ், ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி கடைசி மாத்திரை செய்முறைக்கு மூன்று நாள் முன்பு, மறுபடி தொடங்குவது இரண்டு மூன்று நாள் கழித்து. சிறுநீரகம் சரியில்லாமல், இதே வகையான டாபிகாட்ரான் சாப்பிடுபவருக்கு இன்னும் முன்னதாகவே நிறுத்த வேண்டும்.

மாத்திரை நிறுத்திய இடைப்பட்ட நாட்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டு அனுப்பும் வழக்கத்தையும் எல்லோருக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் துடிப்புக் கோளாறுக்காக வார்ஃபரின் சாப்பிட்டவர்களிடம் செய்து 2015-இல் வந்த பெரிய ஆய்வில், ஊசி போட்டதால் ரத்தக்கட்டி குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவு 1.3 சதவீதத்திலிருந்து 3.2 ஆகக் கூடியதுதான் மிச்சம். செயற்கை வால்வு வைத்தவர்கள் வேறு வகை. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு மாற்றியவர்கள் நம் ஊர்களில் நிறைய. அவர்களுக்கு ஊசி வேண்டுமா என்பதை நீங்களும் குடல்நோய் மருத்துவரும் போனில் பேசி முடிவெடுங்கள். நோயாளியை இரண்டு ஓ.பி.க்கும் நடுவில் சீட்டோடு அலைய விடாதீர்கள்.

கடைசியாக, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தாள். அதில் தமிழில் இவை இருக்க வேண்டும். பாலிப் எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது, கிளிப் எத்தனை, புண் முழுசாக மூடியதா? எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கிளிப் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்பதும் இருக்கட்டும். எந்த மாத்திரையை எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்பதை நாளும் மாதமும் போட்டு எழுதுங்கள், 'பழையபடி' வேண்டாம். மூட்டுவலிக்கென்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட வேண்டாம் என்பதும் அதில் வரட்டும். துடைக்கும்போது லேசாக ஒட்டும் ரத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். கட்டியாகவோ, ஒரு டம்ளர் அளவுக்கோ, இரண்டாம் தடவையோ போனால் அது மூலமும் இல்லை, சூடும் இல்லை, உடனே வரவேண்டும். இதை இதே வார்த்தைகளில் எழுதுங்கள். மூலம், சூடு என்ற இரண்டு சொல்லும் அந்தத் தாளில் இருந்திருந்தால் அப்பா மதியமே வாய் திறந்திருப்பார். ராத்திரியிலும் எடுக்கிற ஒரு போன் நம்பர் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மருத்துவமனை எட்டாத ஊருக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். காதுகுத்து, பாதயாத்திரை என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். அப்போதுதான் ஏறும்.

எங்கள் அறையில் இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். பிரெப் மருந்து வாங்க வரும் நாளில் வீட்டிலுள்ள மாத்திரை அட்டை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம். மேஜையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்து, நிறுத்த வேண்டிய அட்டையில் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு, பக்கத்திலேயே தேதி எழுதுகிறோம். ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. சில மாதங்களாகச் செய்கிறோம், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அதே மூன்று மருந்துக் கேப்சூலைப் பையிலிருந்து எடுத்திருக்கிறேன். அவர்களும் "ரத்த மாத்திரையெல்லாம் நிறுத்தியாச்சும்மா" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

வருகிற ஆவணியில் அப்பாவுக்கு மறுபடி கொலனோஸ்கோப்பி. துண்டு துண்டாக எடுத்ததால் ஆறு மாதத்தில் அந்த இடத்தைப் பார்த்தாக வேண்டும், ஏதாவது வளர்ந்திருந்தால் அப்போதே எடுப்பார்கள். கேப்சூலுக்குப் பதிலாக இதய மருத்துவர் மூன்றையும் தனித்தனி மாத்திரையாக மாற்றிக் கொடுத்துவிட்டார். குளோபிடோகிரலை நிறுத்த வேண்டிய தேதியைத் தன் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் 'மறுபடி தொடங்கும் தேதி' என்று நான் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அது இன்னும் காலியாக இருக்கிறது. பாலிப் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு அதை நிரப்ப வேண்டியவர் உங்களில் ஒருவர்.

இப்படிக்கு,
எண்டோஸ்கோப்பி அறை நர்ஸ் ஒருத்தி